ஊசிமலை டிஸ்பென்சரின் ஞாபகப் பரீட்சை

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுக்கிற டிஸ்பென்சர் கனகசூரியத்தை யாராவது டிஸ்பென்சர் என்று கூப்பிட்டுவிட்டால், அன்றைக்கு அவர்களுக்குக் கிடைக்கும் மருந்து கூடுதலாகக் கசக்கும். டொக்டர் என்று சொல்ல வேண்டும். இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும் கொண்ட அந்தத் தகரக் கொட்டகையை அவர் ஹொஸ்பிடல் என்பார். வாசல் பலகையில் அவருடைய பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகள் விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கிற ஆட்கள் போல வரிசை கட்டி நின்றன. அவற்றில் பாதி, அவர் தேறிய பரீட்சைகள். மீதி, அவர் எழுதிய பரீட்சைகள்.

வரிசை வீட்டு லயத்துச் சனங்கள் இந்த வித்தியாசமெல்லாம் பார்க்காமல் 'டாக்டரையா' என்று கும்பிட்டார்கள். காய்ச்சலுக்கு மருந்து வேண்டுமே.

அவருடைய பங்களாவில் சோறாக்கிப் போட்ட சண்முகவடிவும் அப்படித்தான் கும்பிட்டாள். கும்பிட்ட கையைக் கீழே இறக்கும்போதெல்லாம் அவள் மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல் ஓடும். இந்த மனுஷன் சாகக் கூடாது. நோய் நொடி வரக் கூடாது. தான் வைத்த பரீட்சையில் தானே தோற்று, புத்தி கெட்டவன் என்று தோட்டத்துத் துரை வாயால் பேரெடுத்து, இந்தப் பங்களாப் படியை விட்டு இறங்க வேண்டும். தன்னைப் பெற்ற வீரம்மா லயத்து ஒற்றை அறைக் காம்பிராவை விட்டு இறங்கியது போல.

அந்தப் பரீட்சை வந்த கதை இது.

அறுபதாம் வருஷம் கனகசூரியம் கொழும்புக்கு ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தார். போகும்போது வெறும் கையோடு போனவர், வரும்போது ஞாபகப் பரீட்சையோடு வந்தார். வயதானவர்களுக்கு மூளை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேள்வி கேட்டு அளக்கிற பரீட்சை. அவரே உட்கார்ந்து அதைத் தமிழில் பெயர்த்தார். "உலகம் முழுக்க ஒரே கேள்வி, ஒரே ஒழுங்கு, ஒரே புள்ளி. இதுக்குப் பேர்தான் ஸ்டாண்டர்ட்!" என்பார். ஸ்டாண்டர்ட் என்ற சொல்லைச் சொல்லும்போது இரண்டு குதிகாலையும் ஒருதரம் உயர்த்தி இறக்குவார். அவர் உயரத்துக்கு அந்தச் சொல் கொஞ்சம் எட்டாமல் இருந்தது போலும்.

துரைக்குப் பரீட்சை ரொம்பப் பிடித்துப்போனது. வேலைப் பதிவில் வயதான ஆட்களின் பேரை வெட்டினால் யூனியன்காரன் கொடி பிடித்துக்கொண்டு வருவான். மூளை தேய்ந்தவர்களின் பேரை வெட்டினால் எவன் வருவான்? விஞ்ஞானத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ய முடியாது.

வீரம்மாவை ஹொஸ்பிடலுக்குக் கூப்பிட்டார்கள். அறுபதைத் தொட்டுக்கொண்டிருந்த கொழுந்துக்காரி. கூடை கட்டின கயிற்றை நெற்றியிலிருந்து எடுக்காமலே வந்து நின்றாள். நாற்காலி இருந்தது, உட்காரச் சொல்லவில்லை. காது கொஞ்சம் மந்தம் என்று சண்முகவடிவும் பக்கத்தில் நின்றாள்.

"மூண்டு சாமான் சொல்லுறன், கடைசியிலை கேப்பன். பேனை, நாற்காலி, மணிக்கூடு. சரியோ? இது என்ன மாதம்?"

"கவ்வாத்து முடிஞ்சு துளிர் விடுற மாசங்கய்யா."

தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்தை வைத்துத்தான் லயத்தில் மாதக் கணக்கு. பிழை என்று போட்டார்.

"உன்ர நாடு எது?"

"அதத்தாங்கய்யா நாங்களும் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

தோட்டத்துத் தமிழருக்கு ஓட்டுப் போய், பிரஜாவுரிமை போய், பத்து வருஷத்துக்கு மேலாகியிருந்தது. பாராளுமன்றத்திலேயே பதில் இல்லாத கேள்விக்கு வீரம்மா கொடுத்தது நியாயமான பதில்தான். ஆனால் விடைகளில் அது இல்லை. பிழை.

"நாட்டை ஆளுறது ஆர்?"

"பெரிய துரைதாங்க."

பிழை. துரையிடம் விவரம் சொல்லும்போது இந்த ஒரு பிழையை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

"புருஷன்ர பேர் என்ன?"

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சுவரில் ஒரு கடைக்காரர் கொடுத்த முருகன் படம் தொங்கியது. அதைக் கையால் காட்டி, வெட்கத்தோடு சிரித்தாள்.

"அந்தா, மலை மேல கோவணத்தோட நிக்கிறாரே... அவரு பேருதாங்க."

கனகசூரியத்துக்கு இந்த வழக்கம் தெரியாதா என்ன? அவரைப் பெற்ற தாயும் சுடலைக்குப் போகும்வரை புருஷன் பேரை வாயால் சொல்லாதவள்தான். சண்முகவடிவு குறுக்கே வந்து, "எங்கப்பா பேரு பழனியாண்டிங்கய்யா. அம்மா அத வாயால சொல்ல மாட்டாங்க. வேற ஏதாச்சும் கேளுங்க" என்று கெஞ்சினாள்.

"வேறை கேள்வி இல்லை. லண்டனிலையும் இதுதான் கேள்வி, ஊசிமலையிலையும் இதுதான் கேள்வி. ஸ்டாண்டர்ட்!" குதிகால் உயர்ந்து இறங்கியது. பிறகு துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: நோயாளி, தன் புருஷன் கோவணத்துடன் மலைமேல் நிற்பதாக நம்புகிறாள்.

மூன்று சாமானில் வீரம்மாவுக்கு நாற்காலி மட்டும் ஞாபகம் இருந்தது. அவ்வளவு நேரம் நின்றவளுக்கு வேறு எது ஞாபகம் இருக்கும்?

பேரை வெட்டினார்கள். பேர் இல்லாதவளுக்குக் காம்பிராவில் இடமில்லை. மூளை தேய்ந்தவள் லயத்துப் பிள்ளைகுட்டிகள் நடுவே இருப்பது ஆபத்து என்று டாக்டரையா வேறு எழுதிக் கொடுத்தார். கொழும்புப் பக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவானது. தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறியில், பெட்டிகளுக்கு நடுவே அவளை உட்கார வைத்தார்கள். லொறி உறுமியபோதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும். எழுந்து நின்று, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"பழனியாண்டி! பழனியாண்டிதாங்க! சொல்லிட்டேன் சாமி, சொல்லிட்டேன், எறக்கி விடுங்க! பழனியாண்டி!"

ஆயுசு முழுக்கச் சொல்லாத பேரை அவள் அன்றைக்கு வளைவுக்கு வளைவு கத்திக்கொண்டே போனாள். ஹொஸ்பிடல் வாசலில் நின்ற கனகசூரியம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இப்பச் சொல்லி என்ன? பரீட்சை முடிஞ்சுது" என்றார்.

அடுத்த தைக்குள் வீரம்மா செத்துப்போனாள். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு பெரட்டில் வைத்துக் கணக்கப்பிள்ளை சண்முகவடிவிடம் சேதி சொன்னான். அன்றைக்கும் கொழுந்து எடுக்கப் போகத்தான் வேண்டியிருந்தது.

டாக்டரையாவின் சமையல்காரன் ஊருக்குப் போனபோது, அந்த வேலைக்குச் சண்முகவடிவு போய் நின்றாள். அவள் யார் மகள் என்று அவர் கேட்கவில்லை. லயத்துப் பெண்களின் முகம் அவருக்கு ஞாபகம் நன்றாக இருந்த காலத்திலேயே ஞாபகம் இருந்ததில்லை.

பக்கத்துக் காம்பிராப் பேச்சியம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. மலையூற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் குத்துவாள்.

"ஏன்டி வடிவு, ஆத்தாளக் கொன்னவனுக்கு வகவகயா ஆக்கிப் போடுறியே, வெக்கமா இல்ல? காடு பூரா நேர்வாளம் காய்ச்சுக் கெடக்கு. ஒரு பிடி அரைச்சுக் கொழம்புல போட ஒனக்குக் கையா வராது?"

"போட்டா என்னக்கா ஆகும்? வயித்தால போவும். ரெண்டு நாளுல எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு அடுத்தவளுக்குப் பரீட்ச வப்பான்."

"அப்ப என்னதான்டி செய்யப் போற?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் காலை, டாக்டரையா தோசை சாப்பிட்டுக் கை கழுவி வந்து, மறுபடியும் மேசையில் உட்கார்ந்து, "என்னடி, இண்டைக்குச் சாப்பாடு இல்லையோ?" என்றார். அவள் இன்னும் இரண்டு தோசை வைத்தாள். வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய், சுவரில் சாய்ந்து நின்று, சத்தமில்லாமல் சிரித்தாள். அம்மா செத்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன்பிறகு வாரத்துக்கு வாரம் ஏதாவது ஒன்று விழுந்தது. ஹொஸ்பிடலுக்குப் புறப்பட்டவர் கோழிக்கூட்டுப் பக்கம் போய் நின்றார். வயிற்று வலிக்காரனுக்குக் கண்ணுக்கு விடுகிற மருந்தைக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டுக் கும்பிட்டுப் போனான். லயத்து ஆட்களுக்கு மருந்து மாறியதைத் தோட்டத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் துரைசானியின் தலையிடிக்கு, அவளுடைய நாய்க்கு வைத்திருந்த பூச்சி மருந்தை அனுப்பி வைத்தார். லயத்துக்கு மாற்றிக் கொடுத்தபோது மருந்தாக இருந்தது, துரை பங்களாவுக்கு மாற்றிக் கொடுத்ததும் மறதியாகிவிட்டது.

அப்போது பார்த்து அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்து, வேலையை நீட்டித் தரும்படி கேட்டிருந்தார். துரை தன் அரைகுறைத் தமிழில் மரியாதையாகவே சொன்னார்: "உன் பரீட்சை இருக்குதானே? அதை நீயே எழுது. டாக்டர் நஜீம் வந்து கேள்வி கேட்கும். பாஸ் பண்ணினால் நீ இரு."

நஜீம் ஹட்டனில் இருந்து மாதம் ஒருமுறை வந்துபோகிற அரசாங்க டாக்டர். நிஜமான டாக்டர். அதனாலேயே கனகசூரியத்துக்கு அவரைப் பிடிக்காது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர், கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சண்முகவடிவு தேத்தண்ணி கொண்டு வைத்தாள்.

"இஞ்ச வா. உனக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"தெரியாதுங்கய்யா."

"நல்லது," என்றார். அவருக்கு நிம்மதியாக இருந்தது. ஆபீஸ் கிளாக்கர்மாரிடம் போய்க் கேள்வி கேட்கச் சொன்னால் விஷயம் வெளியே போய்விடும். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளின் படிப்புக்காக இருக்கிற பெண்சாதிக்கு எழுதினாலும் அப்படித்தான். இவளோ வேலைக்காரி. அடுப்புக்கு முன்னால் வெட்கப்படுகிறவர் உண்டா? "நான் கேள்விகளைச் சொல்லித்தாறன். நீ பாடமாக்கி வைச்சுக்கொண்டு ஒவ்வொரு பின்னேரமும் என்னட்டைக் கேக்க வேணும். நான் சொல்லுற மறுமொழியையும் ஞாபகம் வைச்சிரு. மாறிப்போச்செண்டால் சொல்லு."

சண்முகவடிவு கோப்பையை எடுப்பது போலக் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கேள்விகளை அவள் பாடமாக்க வேண்டியதில்லை. பீலிக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் வாயில் ஓடியதெல்லாம் அவைதான்.

முதல் இரண்டு மூன்று நாள் அவர் சரியாகத்தான் சொன்னார். நாலாம் நாள் மாதத்தில் தடுக்கினார்.

"இது... என்ன மாதம் எண்டு சொன்னனான்?"

அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். வாசலில் வந்து நின்று, மெதுவாக, பயபக்தியோடு சொன்னாள்:

"கவ்வாத்து முடிஞ்சு துளிர் விடுற மாசம்னு நேத்து ஐயாதான சொன்னீங்க."

"நானோ?"

"ஆமாங்கய்யா. 'மாசம்னா எவனும் சொல்லிருவான், தோட்டத்து டாக்டருன்னா இப்பிடித்தான் சொல்லணும்'னு சொன்னீங்களே. அந்த அழக நான் இன்னும் மறக்கல."

கனகசூரியத்துக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் இல்லை என்று மறுத்தால், மறந்துபோச்சு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு, சொல் நன்றாகத்தான் இருந்தது. தன்னால் சொல்லப்படக் கூடியதாகத்தான் இருந்தது.

"ஓமோம். சொன்னனான். அதுதான் சரி," என்றார்.

அன்றைக்கே சண்முகவடிவுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. 'நேத்து ஐயாதான சொன்னீங்க' என்ற ஒரு வாக்கியம் போதும். உலகத்தில் எந்தக் குப்பையையும் அந்தத் தட்டில் வைத்து நீட்டினால் இந்த மனுஷன் எடுத்துச் சாப்பிடுவார்.

அம்மாவின் பதில்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறினாள். பிழை என்று போட்டானே, அதே வாயால் சொல்லட்டும். நஜீம் டாக்டர் முன்னாலும் துரை முன்னாலும் சொல்லட்டும். அதே வார்த்தைக்கு அதே புள்ளி விழட்டும்.

"நாட்ட ஆளுறது யாருங்கய்யா?"

"பெரிய துரை." இப்போது அவர் யோசிப்பதுகூட இல்லை.

"ஒங்க நாடு எதுங்கய்யா?"

"அதைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறம்."

"ஐயா சம்சாரம் பேரு?"

அங்கேதான் அவளே எதிர்பாராத ஒன்று நடந்தது. அவர் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. மறுபடி திறந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். நெற்றியில் வேர்வை அரும்பியது. முப்பது வருஷம் மாதாமாதம் கடிதத்தில் எழுதின பேர்.

பாவம் என்று ஒரு நொடி நெஞ்சு தடுமாறியிருக்கலாம். தடுமாறவில்லை. 'புருஷன்ர பேர் என்ன?' என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்த அந்தக் கைதான் இப்போது கைக்குட்டையைத் தேடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாகத் தேடட்டும் என்று விட்டுவிட்டுப் பிறகு சொன்னாள்:

"பெரிய மனுசரு சபையில பொண்டாட்டி பேரச் சொல்ல மாட்டாருன்னு நேத்து ஐயாதான சொன்னீங்க. சிரிச்சுக்கிட்டே சும்மா இருந்துருவேன்னீங்க."

"அ... ஓம்! அதுதானே மரியாதை," என்று மூச்சு விட்டார்.

அவருக்குப் பயமெல்லாம் கடைசிக் கேள்வியில்தான். மூன்று சாமான். அவற்றை டாக்டரே தன் இஷ்டத்துக்குச் சொல்வார். முன்கூட்டிப் பாடமாக்க முடியாது. "அதிலை ஒண்டு பிழைச்சாலும் பரவாயில்லையடி, மிச்சத்திலை புள்ளி எடுத்திடுவன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

பரீட்சையை டாக்டரையாவின் பங்களா விறாந்தையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஹொஸ்பிடலில் வைத்தால் லயத்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்களாம். வீரம்மாவுக்கு யாரும் இப்படி யோசிக்கவில்லை. கனகசூரியம் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டி, பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். துரை சுருட்டோடு சாய்வு நாற்காலியில். நஜீம் டாக்டருக்குக் கூச்சமாக இருந்தது. தன் மாமனாரைச் சோதனை போடுகிறவர் மாதிரி நெளிந்தார்.

"ஒரு சடங்குதான் ஐயா, கோவிச்சுக்காதீங்க. மூணு சாமான் சொல்றேன், மனசுல வச்சுக்கங்க," என்றவர், கண்ணுக்கு எட்டினதையெல்லாம் பொறுக்கினார். ஆணியில் தொங்கிய குடை. அலுமாரியில் தொங்கிய பூட்டு. தட்டில் இருந்த வாழைப்பழம். "குடை, பூட்டு, வாழைப்பழம். சரிதானே?"

கதவருகே நின்ற சண்முகவடிவு அதைக் கேட்டாள். மழை ஈரம் சொட்டுகிறது என்று குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் விரித்து வைத்தாள். சீனி எடுக்க அலுமாரியைத் திறந்து பூட்டை மடியில் செருகிக்கொண்டாள். "ஈ மொய்க்குதுங்க" என்று பழத்தட்டையும் உள்ளே கொண்டுபோனாள். வேலைக்காரி வேலை செய்கிறாள், யார் பார்க்கிறார்கள்?

"இது என்ன மாதம் ஐயா?"

கனகசூரியம் குதிகாலை ஊன்றி நிமிர்ந்தார். "கவ்வாத்து முடிஞ்சு துளிர் விடுற மாதம்."

சண்முகவடிவு நஜீம் டாக்டரின் பேனாவையே பார்த்தாள். பிழை போடு. போடு.

நஜீம் டாக்டர் சிரித்துவிட்டார். "அடடா! தோட்டத்துலயே ஊறின மனுசன் பேச்சு இல்லையா இது? சரி. நாட்டை ஆளுறது யாரு?"

"பெரிய துரை."

துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். முகம் முழுக்கப் பூத்துவிட்டது. "ரொம்ப சரி! மிச்சம் நல்ல மறுமொழி!" என்று தொடையில் தட்டினார்.

"உங்க நாடு எது?"

"அதைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறம்."

சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்து ஆறேழு வருஷம் ஆன நேரம். நஜீம் டாக்டர் சட்டென்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "பெரிய விஷயத்தை ஒரே வரியில சொல்லிட்டீங்க ஐயா" என்றார். சம்சாரத்தின் பேரைக் கேட்டதற்குக் கனகசூரியம் பல் தெரியச் சிரித்தபோது, "பழைய காலத்து மரியாதை" என்று அதற்கும் புள்ளி போட்டார்.

சண்முகவடிவு கேட்டுக்கொண்டு நின்றாள். அதே வார்த்தைகள். ஒரு எழுத்து மாறவில்லை. கூடைக் கயிற்றோடு நின்று சொன்னால் அது மூளைத் தேய்வு. கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்து சொன்னால் அது ஞானம். அம்மாவை லொறியில் ஏற்றிய பதில்கள் இவனைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டிருந்தன.

"போதும் டாக்டர், இந்த ஆள் நம்ம எல்லாரையும் விட நல்லா இருக்கு," என்று துரை எழுந்தார். நஜீம் டாக்டரும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

அவள் தேத்தண்ணித் தட்டோடு நடுவே வந்தாள். தலை நிமிரவில்லை. எசமான் மேல் உயிரையே வைத்திருக்கிற வேலைக்காரியின் குரலில் பேசினாள்.

"மன்னிச்சுக்கங்கய்யா. கடசிக் கேள்வி ஒண்ணு பாக்கி இருக்குங்க. அது கேக்கலன்னா பரீட்ச செல்லாதுன்னு எங்க ஐயாதான் எப்பவும் சொல்லுவாங்க. நாளைக்கிக் கொழும்பு ஆபீசுல எவனாச்சும் எங்க ஐயாவ ஒரு சொல்லு சொல்லிறக் கூடாதுங்களே."

"அட, பாருங்க அக்கறைய!" என்றார் நஜீம் டாக்டர். "அதெல்லாம் தேவையில்ல."

அங்கே கனகசூரியம் பேசாமல் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் ஊசிமலையில் இருந்திருப்பார். ஆனால் அவ்வளவு புகழ்ச்சியைக் குடித்த பிறகு பேசாமல் இருக்க அவரால் முடியுமா? எழுந்து நின்றார். "இல்லை, கேக்கத்தான் வேணும். ஒரு கேள்வி குறைஞ்சாலும் அது பரீட்சை இல்லை. ஸ்டாண்டர்ட்!" குதிகால் உயர்ந்து இறங்கியது.

"சரி, உங்க ஆசை. நான் முதல்ல சொன்ன மூணு சாமான் என்ன ஐயா?"

கனகசூரியம் சிரித்தார். சிரிப்பு முகத்திலேயே நின்றது. கண் மட்டும் நகர ஆரம்பித்தது. ஆணியைப் பார்த்தார், வெறும் ஆணி. அலுமாரியைப் பார்த்தார், வெறும் கொண்டி. மேசையைப் பார்த்தார், தட்டு இருந்த இடத்தில் ஈரவட்டம் ஒன்று இருந்தது. பிறகு, ஒவ்வொரு பின்னேரமும் பார்த்த பழக்கத்தில், சண்முகவடிவின் முகத்தைப் பார்த்தார்.

அவளும் பார்த்தாள். இவ்வளவு நாளில் முதல்தரமாக நேருக்கு நேர்.

"நேற்று..." என்றார் அவளிடம். "நேற்று நான் என்ன சொன்னனான்?"

நஜீம் டாக்டர் துரையைப் பார்த்தார்.

"சொல்லடி. நேற்று நான் சொன்னதைச் சொல்லு. நீதானே எல்லாம் சொல்லித்தாறனீ..." குரல் உடைந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரலாகிவிட்டது. கழுத்துப்பட்டியை இழுத்து இழுத்துத் தளர்த்தினார். "நாற்காலி" என்றார் ஒருமுறை. "நாற்காலி... இல்லை..."

சண்முகவடிவு கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். ஒரு கோப்பைகூடச் சத்தம் போடவில்லை.

நஜீம் டாக்டர் மூடின பேனாவை மறுபடி திறந்தார். முதலில் இருந்து, வேறு வார்த்தையில், எல்லாவற்றையும் கேட்டார். எல்லாவற்றுக்கும் பிழை விழுந்தது. அரைமணி நேரத்தில் துரையும் சுருட்டை அணைத்துவிட்டார்.

ஆனால் விழுந்தாலும் மெத்தையில் விழ வேண்டுமென்றால் உத்தியோகம் பார்த்திருக்க வேண்டும். கனகசூரியத்தை லொறியில் ஏற்றவில்லை. கிளப்பில் பிரிவுபசாரம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். எல்லோரும் வரிசையில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள். 'மறக்க முடியாத சேவை' என்று பெரிய கிளாக்கர் பேசினார். யாருக்கு மறக்க முடியாதது என்று விவரம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து மச்சினன் வந்து அழைத்துப்போகும்வரை பங்களாவிலேயே இருக்கலாம் என்று துரை உத்தரவு.

பேச்சியம்மா பீலியடியில் வாயெல்லாம் பல்லாக நின்றாள். "சாதிச்சுட்டடி வடிவு!"

"எதச் சாதிச்சேன்? மாலையும் கழுத்துமா போறான். எதுக்குப் போறோம்னே அவனுக்குத் தெரியலக்கா." வாளியை ஓங்கி வைத்தாள். "நேத்து மூஞ்சிக்கு நேரா கேட்டேன், வீரம்மாவ ஞாபகம் இருக்கான்னு. 'எந்த வீரம்மா?'ங்கிறான்."

"அட பாவி! அப்ப?"

"கார் வர்ற வரைக்கும் நாள் இருக்கு."

அன்றைய பின்னேரம் கனகசூரியம் பழக்கம் மாறாமல் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பரீட்சை முடிந்ததை மறந்துவிட்டார் போல. "கேள்" என்றார்.

"இனிமே ஒரே கேள்விதாங்கய்யா. ஐயாவால கெட்ட பொம்பளை பேரு என்ன?"

"ஆர்?"

"வீரம்மான்னு நேத்து ஐயாதான சொன்னீங்க."

"வீரம்மா."

"இன்னொரு தரம்."

"வீரம்மா."

அதன்பிறகு வேறு பாடம் இல்லை. தோசைக்கு முன்னால் வீரம்மா. தேத்தண்ணிக்கு முன்னால் வீரம்மா. பேர் வராவிட்டால் தட்டு வராது. அவர் ஞாபகத்திலிருந்து வருஷம் உதிர்ந்தது, ஊர் உதிர்ந்தது, தான் டொக்டர் என்பதுகூட உதிர்ந்துகொண்டிருந்தது. இந்த ஒன்றை மட்டும் அவள் உள்ளே இறக்கி, மண்ணைத் தள்ளி, மேலே ஏறி நின்று மிதித்தாள்.

மச்சினன் வந்த காலையில் துரையின் கார் வாசலுக்கே வந்தது. மச்சினன் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர். திருநீறும் சால்வையும் பெரிய மரியாதையுமாக இருந்தார். அத்தானைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா வழி பாத்துக்கொண்டிருக்கிறா, அத்தான்" என்று அன்பாகச் சொன்னார்.

"வீரம்மா," என்றார் கனகசூரியம்.

"என்ன அத்தான்?"

"வீரம்மா. என்னாலை கெட்டவள். வீரம்மா."

மச்சினனின் கை சால்வையில் நின்றுவிட்டது. டிரைவர் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

"அத்தான், அக்காவின்ர பேர் மனோன்மணி."

கனகசூரியம் அந்தப் பேரை முதல்தரம் கேட்கிறவர் போல மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு, சரியான விடை தனக்குத்தான் தெரியும் என்கிற நிமிர்வோடு, காரின் உள்ளே இருந்தபடியே குதிகாலை ஊன்றி, இன்னும் உரக்கச் சொன்னார்:

"வீரம்மா!"

மச்சினன் கதவைச் சாத்தாமலே இறங்கி, கூடையும் பெட்டியும் தூக்கி வைத்துக்கொண்டிருந்த சண்முகவடிவிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, பல்லுக்குள்ளே கேட்டார்:

"உண்மையைச் சொல்லு, பிள்ளை. ஆர் இந்த வீரம்மா?"

சண்முகவடிவு பெட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். காருக்குள் அந்தப் பேர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கெப்பிடிங்க தெரியும்? நான் சோறாக்குறவ. எல்லாத்தையும் அங்க போயி அம்மாகிட்ட ஐயாவே சொல்லுவாருங்க."